உரும்பிராய்ச் சந்தியும் பாரிஸ் லாச்சப்பலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிகழ்ந்த புலப்பெயர்வு பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி போரையும் அரசியலையும் அகதிச் சட்டங்களையும் ஊருக்கு வந்த பணத்தையும் சுற்றியே அமைந்திருக்கிறது. பெயர்ந்து போனவர்கள் அந்நிய மாநகரங்களின் தெருக்களில் எங்கே நின்றார்கள், யாருடன் கூடினார்கள், எதை விற்றார்கள், எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பன போன்ற அன்றாடச் செய்திகள் வரலாற்றாசிரியரின் கண்ணுக்குச் சிறியவையாகப் பட்டதால், அவை பெரும்பாலும் சிறுகதைகளிலும் நாவல்களிலும் மட்டுமே தங்கின. பாரிஸ் மாநகரின் வடபகுதியில் ஈழத்தமிழர் லாச்சப்பல் என்று அழைக்கும் சில தெருக்கள் 1980களுக்குப் பின்னர் அடைந்த உருமாற்றத்தை விளங்கிக்கொள்ள விரும்புபவர், அதன் தொடக்கத்தைப் பாரிஸில் தேடுவதைவிட குடாநாட்டின் வலிகாமம் பகுதியிலுள்ள உரும்பிராய் போன்றதொரு கிராமத்தின் ஒழுங்கைகளில் தேடுவதே பயன்தரும். தெருவில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பது பற்றி ஒவ்வொரு சமூகத்துக்கும் ஊறிப்போன வழக்கம் ஒன்று உண்டு. கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டுப் போனவர்களும் அந்த வழக்கத்தைத் தொலைக்கவில்லை.

உரும்பிராய், யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஏழெட்டுக் கிலோமீற்றர் தொலைவில், பலாலி வீதியும் மானிப்பாய்–கைதடி வீதியும் சந்திக்கும் இடத்தை நடுவாகக் கொண்டு பரந்திருக்கும் செம்மண் கிராமமாகும். ஆறு இல்லாத, சுண்ணக்கல் அடித்தளத்தின் மேல் அமைந்த இந்நிலத்தில் பயிர்ச்செய்கை முழுவதும் கிணற்றையே நம்பியிருந்தது. துலா மிதித்து நீர் இறைத்த காலத்திலும், பின்னர் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த காலத்திலும், புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வாழையும் இங்கே தோட்டப் பயிர்களாக விளங்கின. கிணறுகள் ஆங்காங்கே தோண்டப்பட்டதால் வீடுகளும் ஆங்காங்கே தத்தம் வளவுக்குள், அதாவது வீடும் கிணறும் பயன்தரு மரங்களும் அடங்கிய வேலியிட்ட காணிக்குள், பிரிந்து அமைந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் உள்ளதுபோல் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்று, திண்ணைகள் தெருவைப் பார்த்திருக்கும் அமைப்பு யாழ்ப்பாணக் கிராமத்தில் வழக்கமானதாக இருக்கவில்லை.

வளவைச் சுற்றி எழுந்த வேலியே யாழ்ப்பாணத்துத் தெருவின் முகத்தைத் தீர்மானித்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலிய மரங்களின் தடிகளை வரிசையாக நட்டு, அவற்றோடு பனையோலையையோ தென்னோலையால் முடைந்த கிடுகையோ வரிந்து கட்டி, ஆளுயரத்துக்கு மேல் மறைப்பு எழுப்பினர். கதியால் எனப்படும் அத்தடிகள் நட்ட இடத்திலேயே துளிர்த்து உயிர்வேலியாகும். ஓலையோ வெயிலிலும் மழையிலும் உக்கிப்போவதால், வேலியடைப்பு வீட்டுக்காரரைக் காலத்துக்குக் காலம் வந்து பிடிக்கும் செலவாக இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1706–1707 காலப்பகுதியில் தொகுத்த தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம், ஒருவரின் காணியில் நின்று அயலவரின் காணிக்குள் சாயும் மரத்தின் பலன் யாருக்குரியது என்பதையும் எடுத்துப் பேசுகிறது. எல்லை பற்றிய கவலை இச்சமூகத்தில் எவ்வளவு பழையது என்பதற்கு அதுவே போதிய சான்று. வேலி வழக்குக்கு யாழ்ப்பாணத்தில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

இரு வேலிகளுக்கு நடுவே செல்லும் ஒடுங்கிய பாதை ஒழுங்கை எனப்படும். அதனினும் ஒடுங்கியது குச்சொழுங்கை. ஒழுங்கையில் நடப்பவருக்கு இருபுறமும் ஓலையே தெரியும். உள்ளே முற்றம் கூட்டுபவருக்கோ, ஓலை இடுக்கினூடாக, போகிறவர் யார், எந்த உடுப்பில் போகிறார், கையில் என்ன கொண்டு போகிறார் என்பது நன்றாகவே தெரியும். புதினம் அறிவது வேலிக்கு உள்ளிருந்து செய்யும் வேலையாக இருந்ததே தவிர, தெருவில் அலைந்து செய்யும் வேலையாக இருக்கவில்லை. பெண்கள் அயல் வளவுக்குப் போவதற்கு ஒழுங்கையைச் சுற்றாமல், வேலியில் விடப்பட்ட பொட்டு என்னும் சிறு வழியைப் பயன்படுத்தினர். அவசரத்துக்கு வாங்கும் உப்பும் தூளும் ஊர்க்கதையும் அதன் வழியேதான் போய்வந்தன. அயலோடு கோபம் மூண்டால் முதலில் அடைபடுவதும் அந்தப் பொட்டுத்தான். வழிப்போக்கருக்கென்று இருந்த ஒரே சலுகை, வசதி படைத்தவர்களின் வாயிலில் அமைந்த சங்கடப்படலை: கூரை வேய்ந்து, இருந்து இளைப்பாறத் திண்ணையும் குடிக்கத் தண்ணீரும் வைத்த அந்த வாயிலும் வீட்டை மறைத்தே நின்றது.

ஆகவே ஒழுங்கை கடந்து போவதற்கான இடமாகவும், சந்தி நிற்பதற்கான இடமாகவும் பிரிந்தன. தேத்தண்ணிக்கடை, சைக்கிள் திருத்தும் கடை, சலூன், கூட்டுறவுச் சங்கக்கடை, பஸ் தரிப்பிடம், ஊரார் பணம் சேர்த்துப் பத்திரிகைகள் வாங்கிப் போடும் வாசிகசாலை ஆகியவை கூடிய இடம் சந்தி. அங்கே குடியிருப்பவர்கள் மிகச் சிலர்; அங்கே வருபவர்கள் ஊரில் பாதிப்பேர். தோட்டவேலை முடித்து மேல் கழுவிய ஆண்கள் பின்னேரத்தில் சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை மதகில் ஊன்றியபடி, வெங்காய விலையிலிருந்து வெளிநாட்டு அரசியல் வரை பேசிவிட்டுப் பொழுதுபடத் திரும்புவர். எதையும் வாங்காமல் இரண்டு மணி நேரம் நிற்க உரிமை தருவது சந்தியின் இலக்கணம். 

இந்தச் சந்தி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்று எண்ணுவது பிழை. பெண் ஒருத்தி காரணமின்றி அங்கே நிற்க முடியாது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேத்தண்ணிக்கடைகளில் உள்ளே இருக்க இடம் மறுக்கப்பட்டது. அவர்களுக்குத் தேநீர் போத்தலிலும் தகரப் பேணியிலும் வெளியே வைத்துக் கொடுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கிய பின்னரும் வழக்கம் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்து பல ஊர்களில் நடந்த ஆலயப் பிரவேச, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அதை அசைத்தன. பின்னாளில் கடல் கடந்துபோன சந்தியின் மூட்டையில் இந்தச் சரக்கும் இருந்தது என்பதை மறந்து எழுதப்படும் எந்தப் புலம்பெயர் வரலாறும் ஓர் அலங்காரச் சித்திரமாகவே முடியும்.

யாழ்ப்பாணத்தவர் மாநகரத் தெருவை முதன்முதலாகக் கண்டது ஐரோப்பாவில் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், மிசனரிப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினர். 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே மலாயாவின் முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது முதல், எழுதுவினைஞர், நில அளவையாளர், நிலைய அதிபர் ஆகிய பதவிகளில் அவர்கள் நிறைந்தனர். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்னும் பகுதி அவர்களின் குடியிருப்பாயிற்று; அங்கே ஸ்கொட் வீதியில் நல்லூர்க் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு கந்தசுவாமி கோயில் எழுந்தது. ஆனால் அரசாங்கம் கொடுத்த விடுதியில் இருந்து, அரசாங்கம் கொடுத்த சம்பளத்தை வாங்கி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய அந்தத் தலைமுறை தெருவில் எதையும் விற்க வேண்டிய தேவையைச் சந்திக்கவில்லை. ‘மலாயன் பென்சனியர்’ என்ற ஒரு தனி மனிதவகையையும், ஊர்ப்புறத்தில் சில பெரிய கல்வீடுகளையும், யாழ்ப்பாண நகரில் இன்றும் சோறு போடும் ‘மலாயன் கபே’ என்ற பெயரையும் அது விட்டுச் சென்றது. வெளிநாடு என்றால் மேசை உத்தியோகம் என்ற எண்ணம் வலிகாமத்தில் வேரூன்றியது அக்காலத்திலேதான். பின்வந்த தலைமுறை பாரிஸுக்குப் போய்க் கோப்பை கழுவ நேர்ந்தபோது அதை ஊருக்கு எழுதாமல் மறைத்ததற்கு இந்த எண்ணமே பெரிதும் காரணம்.

1970களில் உரும்பிராய் போன்ற ஊர்களின் இளைஞர்களை இரு திசைகளிலிருந்து நெருக்கடி தாக்கியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போய், தோட்டக்காரர் தலைநிமிர்ந்தனர். 1977இன் திறந்த பொருளாதாரம் அந்த விலையை உடைத்தது. அதற்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழிவாரியாகவும் பின்னர் மாவட்டவாரியாகவும் சீர்படுத்திய முறை, படித்து முன்னேறும் வழியைக் குறுக்கியது. இந்தக் கொதிப்பின் முதல் முகங்களில் ஒருவரான பொன். சிவகுமாரன் உரும்பிராயைச் சேர்ந்தவர். 1950இல் பிறந்த அவர் 1974 ஜூன் 5ஆம் நாள் பொலிஸாரின் சுற்றிவளைப்பில் சயனைட் அருந்தி உயிர்துறந்தார். பின்னர் உரும்பிராயில் எழுந்த அவரது சிலை பலமுறை உடைக்கப்படுவதும் மீண்டும் நிறுவப்படுவதுமாக இருந்தது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலுக்குப் பின்னர் புலப்பெயர்வு பெருக்கெடுத்தது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படை பலாலியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நகர்ந்தபோது உரும்பிராய் கடும் சண்டை நடந்த களமாயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதுமே ஒரே இரவில் குடாநாட்டின் மறுபகுதியான தென்மராட்சி நோக்கி நடக்கத் தொடங்கியது. ஒவ்வோர் இடப்பெயர்வுக்குப் பின்னரும் ஒரு பகுதியினர் கொழும்புக்கும், அங்கிருந்து முகவர்களின் வழியே ஐரோப்பாவுக்கும் போயினர்.

அவர்கள் பாரிஸில் இறங்கியதும், பாரிஸிலும் குறிப்பாக லாச்சப்பலில் கூடியதும் திட்டமிட்ட செயல்கள் அல்ல. ஆங்கிலம் படித்தவர்களின் இலக்கு இங்கிலாந்தாகவே இருந்தது. 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தபோது, பொதுநலவாய நாடொன்றின் மீது அத்தகைய கட்டுப்பாடு விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு பெர்லினுக்குள் நுழையும் பாதையும் 1980களின் நடுப்பகுதியில் இறுகியது. லண்டனுக்குப் போகும் புகையிரதங்கள் புறப்படும் நிலையம் பாரிஸின் கார் து நோர், அதாவது வட நிலையம். வழி அடைபட்டவர்கள் அந்த நிலையத்தைச் சுற்றிய மலிவான விடுதி அறைகளில் தங்கினர். 1984 ஜூலை 17ஆம் நாளைய சட்டம் பத்தாண்டு வதிவிட அட்டையை ஏற்படுத்தியிருந்ததால், அகதியாக ஏற்கப்பட்டவருக்குப் பிரான்ஸ் நிலையான நாடாகத் தெரிந்தது. இடைத்தங்கலாக வந்தவர்கள் இருந்துவிட்டனர்.

அவர்கள் இருந்துவிட்ட இடத்துக்கும் தனக்கென ஒரு பழைய கதை உண்டு. அது வேலியும் வாயிலும் பற்றியது என்பது தற்செயலான பொருத்தம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸுக்குள் வரும் பொருள்களுக்குத் தீர்வை அறவிடுவதற்காக நகரைச் சுற்றி ஒரு மதில் எழுப்பப்பட்டது; இன்றைய லாச்சப்பல் பெருந்தெரு அம்மதில் ஓடிய கோட்டிலேயே கிடக்கிறது. மதிலுக்கு வெளியே லாச்சப்பல் தனிக் கிராமமாக இருந்தது. 1860இல் அது பாரிஸோடு இணைக்கப்பட்டு மதில் இடிக்கப்பட்டது. எமில் சோலாவின் 1877ஆம் ஆண்டு நாவலொன்றின் நாயகி, தன்னோடு வாழும் காதலனுக்காகக் காத்திருந்து சன்னலிலிருந்து பார்ப்பது இந்தப் பெருந்தெருவைத்தான். விடியற்காலையில் வேலைக்குப் போகும் தொழிலாளர் கூட்டம் அவள் கண்முன் நகருக்குள் இறங்குகிறது. புகையிரதக் கம்பனிகளும் சுற்றுப்புறத் தெருக்களுக்குத் தம் மனிதர்களின் பெயர்களை விட்டுச் சென்றன: காய் என்பவர் புகையிரத இயந்திரங்கள் செய்தவர், பெர்தொனே புகையிரதப் பொறியியலாளர். தைப்பிங் பாதையின் நிலைய அதிபர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர், அந்த இருவரின் பெயர் தாங்கிய தெருக்களில் கறித்தூளும் முருங்கைக்காயும் விற்க வந்தார்கள் என்று சொல்வது பெரிய மிகையாகாது.

தமிழ்க் கடை என்ற எண்ணத்தைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தவர்கள் ஈழத்தவர் அல்லர். 1828இல் கட்டப்பட்ட பசாஜ் பிராடி என்னும் கண்ணாடிக் கூரையிட்ட கடைத்தெருவில், 1970களில் புதுச்சேரியைச் சேர்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் மளிகையும் உணவகங்களும் திறந்திருந்தனர். ஆனால் அந்தக் கடைத்தெரு பிரெஞ்சுக்காரரை மேசையில் அமர்த்திப் பரிமாறுவதற்காக அமைந்தது. ஈழத்தவர் அதைத் தாண்டி வடக்கே ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடந்து, லாச்சப்பல் மெற்றோ நிலையத்தின் காலடியில், ஃபோபூர் சன் தெனி தெருவின் வட முனையிலும் அதன் கிளைத்தெருக்களிலும் தமக்கென்றே கடை போட்டனர். இரண்டாவது வழித்தடத்தின் அந்த மெற்றோ நிலையம் 1903இல் திறக்கப்பட்டது. அங்கே பாதை நிலத்தடியை விட்டு இரும்புத் தூண்களின் மேல் ஏறிப் போகிறது.

முதலில் வந்த ஆண்களின் தொழில் இரண்டு இடங்களில் நடந்தது. ஒன்று உணவகங்களின் சமையலறை. அதற்குத் தெரு தெரியாது. மற்றது தெருவே. மாலையில் மொத்தச் சந்தையில் வாங்கிய ரோசாப்பூக்களைத் தனித்தனியே மெல்லிய தாளில் சுற்றி, ஒரு கட்டாகக் கையில் ஏந்தி, உணவகம் உணவகமாக ஏறி இறங்கி, சோடியாக இருப்பவர்களின் மேசையருகே நின்று நீட்டும் தொழில் அது. குளிர்காலத்தில் மெற்றோ வாசல்களில், தகரப் பீப்பாயின் மேல் தட்டை வைத்துச் சுட்ட கஸ்தான் கொட்டை விற்றவர்களும் இருந்தனர். கோயில் திருவிழாவில் கச்சான் வறுத்து விற்பதை ஊரில் தமக்குக் கீழான தொழிலாக எண்ணிய குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் அடங்குவர். 1991 செப்டெம்பரில் பிரெஞ்சு அரசாங்கத்தின் சுற்றறிக்கை ஒன்று, விண்ணப்பம் முடிவாகும்வரை வேலை செய்யப் புகலிடக் கோரிக்கையாளருக்கு இருந்த உரிமையைப் பறித்தது. அது வேலையை நிறுத்தவில்லை. சமையலறையின் பின்கதவுக்கும் தெருவுக்கும் அதைத் தள்ளியது. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ திரைப்படத்தின் தொடக்கத்தில், எழுத்தாளர் ஷோபாசக்தி ஏற்ற பாத்திரம் இரவில் மின்னும் விளையாட்டுப் பொருள்களைத் தெருவில் விற்கத் திரிவது இந்த வரலாற்றின் பிற்காலத்துப் பக்கம்.

கடைகள் எழுந்ததற்கு வங்கிக் கடன் காரணமாக இருக்கவில்லை. சீட்டு காரணமாக இருந்தது. இருபது முப்பது பேர் மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, அவசரம் உள்ளவர் கழிவு கொடுத்து முன்கூட்டியே எடுக்கும் இந்த ஊர் வழக்கம், எழுத்தில் எந்தப் பிணையும் இல்லாமல், ஒருவரின் ஊரையும் உறவையும் தெரிந்திருப்பதையே பிணையாகக் கொண்டு நடந்தது; ஆனாலும் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போகிறவர்களும் இருந்தனர். சீட்டுப் பணத்தில் எழுந்த கடைகள் 1990களின் லாச்சப்பலை நிறைத்தன. மளிகை, புடைவை, நகை, ஒளிநாடா வாடகை, பயணச்சீட்டு, மொழிபெயர்ப்பு, தொலைபேசி அட்டை என ஒவ்வொன்றும் ஒரு தேவையின் பெயர். 1990க்குப் பின்னர் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோனதால், பெற்றோர் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து காத்திருந்தால்தான் பிள்ளையின் குரலைக் கேட்கலாம் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. பணம் அனுப்ப உண்டியல் இருந்தது: இங்கே கடைக்காரரிடம் கொடுத்த தொகை, வங்கியைத் தொடாமல், அங்கே வேறொருவரின் கையால் வீட்டுப் படலைக்கு வந்து சேரும்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தில் இத்தெருக்களின் இயல்பு துலக்கமாகத் தெரியும். கடைவாசல் பெட்டிகளில் முருங்கைக்காயும் புடலங்காயும் வாழைப்பொத்தியும் கறிவேப்பிலைக் கட்டும் அடுக்கியிருக்கும். உள்ளே மலிபன் பிஸ்கற்றும் ஒடியல் மாவும் நெத்தலிக் கருவாடும். கொத்து றொட்டி போடும் கடையில் இரண்டு இரும்புத் தகடுகள் கல்லில் விழும் ஓசை தெருமுனைவரை கேட்கும். நடைபாதையிலோ நால்வர், ஐவராக ஆண்கள் வட்டமாக நிற்பர். பாரிஸின் கபேக்களில் நாற்காலிகள் தெருவைப் பார்த்து வரிசையாகப் போடப்பட்டிருக்கும்; அமர்ந்தவர் போகிறவரைப் பார்ப்பார், அதற்காகவே ஒரு கோப்பிக்குக் காசு கொடுப்பார். லாச்சப்பலில் நிற்பவர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம் வட்டத்துக்குள் முகம் பார்த்து நிற்கிறார். எதையும் வாங்குவதில்லை, நகர்வதும் இல்லை. நடைபாதையில் வரும் பிரெஞ்சுக்காரர் தெருவுக்கு இறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. வால்டர் பெஞ்சமின் என்னும் ஜேர்மானிய யூத அறிஞர், தாமே அகதியாகப் பாரிஸில் இருந்த ஆண்டுகளில், கடைத்தெருக்களில் நோக்கமின்றி அலைந்து வேடிக்கை பார்க்கும் மனிதனை அம்மாநகரின் அடையாளப் பாத்திரமாக ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்தவர் அந்தப் பாத்திரமாக மாறவில்லை. அவருக்கு மாநகரின் ஏனைய தெருக்கள் எல்லாம் கடந்து போவதற்கான ஒழுங்கைகள். நிற்பதற்கு ஒரே ஓர் இடம் போதும்.

லாச்சப்பலை ‘சின்ன யாழ்ப்பாணம்’ என்று வருணிக்கும் பத்திரிகையாளர் பலர் அங்கே தமிழர் குடியிருப்பதாக நினைத்துவிடுகின்றனர். குடியிருப்பவர் மிகக் குறைவு. லா குர்நெவ், பொபினி, சார்செல் முதலிய வடபுறநகர்களில் வாடகை குறைந்த அடுக்குமாடிகளில் பெரும்பாலானோர் வாழ்கின்றனர். புறநகர்ப் புகையிரதங்கள் கார் து நோரில் கூடுவதால் அங்கே இறங்கி வருகின்றனர். யாரும் வசிக்காமல் எல்லோரும் வந்துபோகும் சந்தியின் அமைப்பு இவ்வாறு புகையிரத வரைபடத்தின் துணையோடு மீண்டும் உருவாயிற்று. ஒரு மாற்றம் குறிப்பிடத்தக்கது: உரும்பிராயில் காரணமின்றி நிற்க முடியாதிருந்த பெண்கள், இங்கே இழுவைப் பையோடு வந்து, விலை பேசி, கடைவாசலில் நின்று நெடுநேரம் கதைத்துப் போகிறார்கள். சாதியோ தெருவில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே வகைக் கண்ணாடிக் குவளையில் எல்லோரும் தேநீர் குடிக்கிறார்கள்; ஆனால் ஊரின் பெயரையும் அதற்கடுத்துக் கோயிலின் பெயரையும் மெல்ல விசாரித்து அறியும் பழக்கம் கலியாணப் பேச்சில் தொடர்கிறது.

இத்தெருக்களின் நடுவே, மெற்றோத் தூண்களுக்கு எதிரே, 1876இல் திறக்கப்பட்ட பூஃப் து நோர் என்னும் பழைய அரங்கு நிற்கிறது. பாழடைந்து மூடிக்கிடந்த அதை 1974இல் ஆங்கில நெறியாளர் பீற்றர் புறூக் மீண்டும் திறந்தார். 1985இல் அவிஞ்ஞோனில் முதலில் மேடையேறிய அவரது ஒன்பது மணி நேர மகாபாரதம் பின்னர் இந்த அரங்குக்கு வந்தது. விடிய விடியப் பாரதக்கூத்துப் பார்த்துப் பழகிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் அரங்கின் வெளிப்புறத் தெருவில் அறை தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உள்ளே பாரிஸ் நகரத்துக் கனவான்கள் திரௌபதியின் துகிலுரிதலைப் பிரெஞ்சு மொழியில் பார்த்துக்கொண்டிருந்தனர். இரு தரப்பினரும் ஒருவரையொருவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அரங்கு செய்யாததைக் கோயில் செய்தது. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் நெடுங்காலம் ஒரு சாதாரணக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இயங்கியது. கோபுரமோ வெளிவீதியோ இல்லாத அந்தக் கோயில், 1990களின் நடுப்பகுதியிலிருந்து, ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ வரும் ஒரு ஞாயிறன்று லாச்சப்பல் தெருக்களையே தன் வெளிவீதியாக்கித் தேர் இழுக்கிறது. தேர் வரும் வழியில் கடைதோறும் நிறைகுடம் வைத்து, தேங்காய்களைக் குவியலாக அடுக்கிச் சிதறுதேங்காய் அடிப்பார்கள்; உடைந்த பாதியைப் பொறுக்க வேற்று இனச் சிறுவரும் முண்டியடிப்பதுண்டு. நகராட்சி வாகனப் போக்குவரத்தை நிறுத்தி, முடிந்ததும் துப்புரவு வண்டிகளை அனுப்புகிறது. மற்ற நாள்களில் வட்டத்துக்குள் முகம் பார்த்து நிற்பவர்கள் தெருவை நோக்கித் திரும்பி நிற்பது அன்று ஒருநாள்தான். அரசியலும் இத்தெருக்களை விட்டுவைக்கவில்லை: கடைகள்தோறும் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் பணம் சேர்க்கப்பட்டது, 1996 ஒக்டோபரில் அவ்வியக்கத்தைச் சேர்ந்த இருவர் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். 2009இல் வன்னிப் போரின் கடைசி மாதங்களில் பாரிஸிலும், லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்திலும், மே 10ஆம் நாள் ரொறன்ரோவின் கார்டினர் அதிவேக வீதியிலும் தமிழர் தெருவை மறித்து நின்றனர். முதுகு காட்டி நின்ற சமூகம் மாநகரை நேருக்கு நேர் பார்த்த அரிய தருணம் அது, மாநகரோ போக்குவரத்து நெரிசலைப் பற்றியே பேசியது.

ரொறன்ரோவின் கதை வேறு விதமானது. அங்கே ஸ்காபரோப் பகுதியில் தெருக்கள் காருக்காக அகலமாகப் போடப்பட்டவை. கடைகள் தரிப்பிடத்தைச் சுற்றிய பிளாசாக்களில் அமைந்தவை. குளிர் ஆண்டில் ஐந்து மாதம். நிற்க முடியாத அந்த நகரில் சந்தி தேநீர்க்கடைக்குள்ளும் கார் தரிப்பிடத்துக்குள்ளும் ஒடுங்கிவிட்டது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அங்கே பாரிஸைவிட வலுவாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்: தற்செயலாகச் சந்திக்க முடியாதவர்கள் அழைப்பிதழ் அடித்துச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

லாச்சப்பலின் கடைக் கண்ணாடிகளில் ஒட்டப்படும் அறிவித்தல்கள் வரலாற்று மாணவருக்கு நல்ல மூலங்கள். வாடகைக்கு அறை, ஆள் தேவை, சங்கீத வகுப்பு ஆகியவற்றுக்கிடையே மரண அறிவித்தலும் இருக்கும். அதன் வாய்பாடு மாறாதது. யாழ். உரும்பிராயைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையைத் தற்காலிக வதிவிடமாகவும், பாரிஸ் புறநகர் ஒன்றை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, பெற்றோர், சகோதரர், மக்கள், மருமக்கள் ஆகியோரை நாடு குறித்து வரிசைப்படுத்தி, ஒரு குடும்பம் முப்பது ஆண்டுகளில் போன வழியை ஒரு தாளில் அடக்கிவிடும். வாசிகசாலையில் பத்திரிகை விரித்த ஊரவர் முதலில் பார்த்ததும் இந்தப் பக்கத்தைத்தான். 1990களில் பாரிஸிலிருந்து வெளிவந்த ‘ஈழநாடு’, ‘ஈழமுரசு’ ஆகிய வார இதழ்கள் கடைகளில் விற்பனையானதில் இந்த அறிவித்தல்களுக்குப் பெரும் பங்குண்டு. ‘எக்ஸில்’, ‘உயிர்நிழல்’ முதலிய சிற்றிதழ்களோ இதே தெருவில் நின்று, இதே தெருவின் மௌனங்களைக் கேள்வி கேட்டு எழுதின.

தெருவில் ஈட்டிய பணம் உரும்பிராயின் ஒழுங்கைகளை மாற்றியது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் பெருவாரியாகத் தறிக்கப்பட்டதால் ஓலைக்குத் தட்டுப்பாடு வந்தது. ஓலை கட்டும் கூலி ஏறியது. வெளிநாட்டுப் பணம் வந்த வளவுகள் ஒவ்வொன்றாகச் சீமெந்து மதிலுக்கு மாறின. மதிலில் இடுக்கும் இல்லை, பொட்டும் இல்லை. படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற். உள்ளிருந்து புதினம் பார்க்க இப்போது மாடியில் ஏற வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பிள்ளைகளோடு வந்திறங்குபவர்கள் சந்தியில் வாகனத்தை நிறுத்திப் பழைய ஆட்களைத் தேடுகிறார்கள். அவர்களில் பலர் லாச்சப்பலிலோ ஸ்காபரோவிலோ நின்றுகொண்டிருப்பார்கள்.

லாச்சப்பலில் இன்று வங்காளதேசத்தவரின் கடைகள் பெருகியுள்ளன. தமிழ்க் கடைகள் வாடகைக்கு அஞ்சிப் புறநகர்களுக்குப் பெயர்கின்றன. பிரெஞ்சு மொழியில் வளர்ந்த பிள்ளைகள் தேர்நாளிலும் புடைவை எடுக்கவும் மட்டுமே வருகின்றனர். அகதிகளின் வருகை மட்டும் நிற்கவில்லை: ‘தீபன்’ திரைப்படம் 2015 மே 24ஆம் நாள் விருது பெற்றது. ஒன்பது நாள் கழித்து, ஜூன் 2ஆம் நாள், லாச்சப்பல் மெற்றோத் தூண்களின் கீழே மாதக்கணக்கில் கூடாரமிட்டிருந்த சூடான், எரித்திரிய நாட்டு அகதிகளைப் பொலிஸார் அகற்றினர். அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டம், விண்ணப்பித்து ஒன்பது மாதம் கழிந்த புகலிடக் கோரிக்கையாளர் வேலை அனுமதி கேட்கலாம் என்றது. 2018 செப்டெம்பரில் வந்த சட்டம் அந்தக் காலத்தை ஆறு மாதமாகக் குறைத்தது. அதற்குள், 1980களில் வந்து ரோசாப்பூ விற்ற தலைமுறை, கணக்கில் காட்டிய வேலை நாள்களைக் கூட்டிப் பார்த்து, ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்று லாச்சப்பலில் மொழிபெயர்ப்பாளரின் அலுவலகத்தில் விசாரிக்கும் வயதை அடைந்திருந்தது.